ஊருக்கே தெரிந்த ரகசியம்

தமிழ் வளமான பாஷை என்பதை நிரூபிக்கப் பண்டிதர்கள் சங்க நூல்களைப் புரட்டுவது வழக்கம். அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஒரு வீட்டில் ஒரு சிறுமிக்கு முதன் முதலாக மாதவிலக்கு வந்தது என்ற ஒரே ஒரு சங்கதியைச் சொல்ல நம்மவர்கள் வைத்திருக்கும் வார்த்தைகளை எண்ணிப் பார்த்தாலே போதும். பூப்பெய்தினாள், ருதுவானாள், புஷ்பவதியானாள், திரண்டாள், சமைந்தாள், ஆளானாள், குத்தவைத்தாள், வயதுக்கு வந்தாள், பெரிய மனுஷியானாள். கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் போனால் சாமத்தியப்பட்டாள் என்பார்கள். பெரிய பிள்ளையானாள் என்பார்கள். இவ்வளவு வார்த்தைகளும் எதற்காக? நடந்தது இன்னதென்று வாய்விட்டுச் சொல்லாமல் தப்பித்துக்கொள்வதற்காக! அப்படிச் சொல்லக் கூசிய அதே சங்கதியைத்தான் பிறகு பத்திரிகை அச்சடித்து, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நாற்சந்தியில் பத்தடிப் பேனர் வைத்து ஊருக்கு அறிவிக்கிறோம்.

இந்த விசித்திரத்தைப் பற்றி நான் வெகு நாளாக யோசித்ததுண்டு, கோபப்பட்டதும் உண்டு. ஆனால் இதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண்கள்.

புதுச்சேரியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் சரித்திர உபாத்தியாயினி. ஆண்டு விழா வந்தால் நாடகம் போடுவது எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய வழக்கம். வருஷா வருஷம் கட்டபொம்மன் தூக்கு மேடை ஏறுவார். இந்த வருஷம் பெண்கள் நாலைந்து பேர் வந்து, "கட்டபொம்மன் வேண்டாம் டீச்சர், நாங்கள் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம்" என்றார்கள். "எடுக்கப் போகிறோம்" என்றல்ல, "எடுத்திருக்கிறோம்" என்று! கையில் ஒரு செல்போன் இருந்தால் இக்காலத்தில் எல்லோரும் டைரக்டர்கள்தானே? சரி, போடுங்கள் பார்க்கலாம் என்றேன்.

ஒன்பது நிமிஷப் படம். ஒரு பெண் பெரிய மனுஷியாகிறாள். அவள் அம்மா தன் தங்கையிடம் மட்டும், "யாரிடமும் மூச்சு விடாதே" என்று சொல்கிறாள். தங்கை பூக்காரம்மாவிடம் மட்டும் சொல்கிறாள். பூக்காரம்மா பால்காரரிடம் மட்டும். பால்காரர் ஆட்டோக்காரரிடம் மட்டும். கடைசியில் ஆட்டோக்காரர் அந்தப் பெண்ணின் தகப்பனாரை வழியில் நிறுத்தி, "வாழ்த்துக்கள் சார்!" என்கிறார். ஊரில் சங்கதி தெரியாத ஒரே ஆசாமி தகப்பனார்தான். "எதற்கப்பா வாழ்த்து? எனக்கு இன்கிரிமெண்ட் இன்னும் வரவில்லையே" என்று அவர் விழிக்கும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அப்புறம் தாய்மாமன் வருகிறார். கண் மையினால் மீசை வரைந்துகொண்ட ஒரு பெண்தான் தாய்மாமன். அவர் வைக்கும் பேனரில் நடுநாயகமாக அவரே கறுப்புக் கண்ணாடியுடன் கைகூப்பி நிற்கிறார். அவரைச் சுற்றி அவருடைய சிநேகிதர்கள் வட்ட வட்டமாக. விழா நாயகியோ ஒரு மூலையில் தபால் தலை அளவுக்கு இருக்கிறாள். சைக்கிளில் போகிற ஒரு கிழவர் பேனரை அண்ணாந்து பார்த்து, "எந்தத் தொகுதிக்கு நிற்கிறார்?" என்று கேட்கிறார். குயவர்பாளையத்திலும் நெல்லித்தோப்பிலும் குடியிருந்து அந்த மாதிரிப் பேனர்களுக்கு அடியில் தினமும் நடந்து போகிறவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

கடைசிக் காட்சிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திரும்புகிறாள். லீவுக் கடிதத்தில் "ஐந்து நாளாகக் காய்ச்சல்" என்று எழுதியிருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே ஒரு டீச்சர் அதை வாசிக்கிறாள். பெண்ணின் கையைப் பார்க்கிறாள். "ஏனம்மா, காய்ச்சலுக்கு மருதாணி வைத்துக்கொள்ளச் சொல்லி எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?" என்கிறாள். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரிக்கிறது. அந்தப் பெண் மருதாணிக் கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்கிறாள். படம் முடிந்தது.

என் சிரிப்பும் முடிந்தது. மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்துவதும் சாக்பீஸ் தூளைத் தட்டுவதும் என் வழக்கங்கள். அந்த வசனமும் என்னுடையதே. இரண்டு வருஷத்திற்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணிடம் அதை நான் சொன்னேன். வகுப்பு சிரித்தபோது என் சாமர்த்தியத்தை எண்ணிக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். அந்தப் பெண்தான் இப்போது படத்தின் டைரக்டர்.

மற்றவர்கள் போன பிறகு அவளை நிறுத்தி, "அந்த மருதாணி வசனம் நான் சொன்னதுதானே?" என்று கேட்டேன்.

"ஆமாம் டீச்சர். நல்ல வசனம், அதனால்தான் வைத்துக்கொண்டேன்" என்றாள். கிண்டலா, மரியாதையா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவளே, "நான் எழுதியதும் பொய்தானே டீச்சர்? அம்மா அப்படித்தான் எழுதச் சொன்னார்கள்" என்றாள். பெரியவர்கள் சிறுவர்களிடம் மன்னிப்புக் கேட்பது நம்மிடம் அவ்வளவு பழக்கத்தில் இல்லாத காரியம். எப்படியோ தட்டுத் தடுமாறிக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாள்.

படம் ஆண்டு விழாவில் காட்டப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலிடத்தில் பார்த்தார்கள், சிரித்தார்கள், "விழாவுக்கு ஆண்கள் எல்லாம் வருவார்கள், வேண்டாம்" என்றார்கள். ஆகவே, நாற்சந்தியில் பத்தடி உயரத்திற்கு அறிவிக்கப்படுகிற ஒரு விஷயத்தைப் பற்றிய படத்தை, ஒன்பதாம் வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தோம். கட்டபொம்மன் வழக்கம்போல் தூக்கு மேடை ஏறினார்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு எங்கள் ஊரைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்டு 16-ந் தேதி அது சட்டப்படி முழுமையாயிற்று. அச்சமயம் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துகொள்ள விரும்பியவர்களுக்கு அதற்கு வழி இருந்தது. பல குடும்பங்கள் அப்படியே இருந்துகொண்டன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். பாதி உறவினர் முத்தியால்பேட்டையிலும் பாதி உறவினர் பாரிஸிலும் இருக்கும் குடும்பங்கள் இங்கே அபூர்வமல்ல. எங்களுடையது அப்படி ஒன்று. என் மூத்த மாமா சொல்தா.

1995-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், எனக்குப் பதின்மூன்று வயது. சங்கதி தெரிந்ததும் என் தாயார் முதலில் செய்த காரியம் பாரிஸுக்கு டெலிபோன் போட்டதுதான். குடிசை கட்டவும் சீர் கொண்டு வரவும் தாய்மாமன் வேண்டுமல்லவா? மாமாவுக்கோ ஆகஸ்டு மாதம்தான் லீவு. அங்கே தேசம் முழுவதும் அந்த மாதத்தில்தான் விடுமுறை எடுத்துக்கொண்டு கிளம்புமாம். அதனால் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்களுக்கு ஆகஸ்டு மாதம் வந்தால் பிரெஞ்சு வாசனை அடிக்கும். ஆக, ஏப்ரலில் நடந்ததற்கு ஆகஸ்டில் விழா என்று முடிவாயிற்று.

நடுவிலிருந்த நாலு மாதமும் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! பின்கட்டில் இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்து, தற்காலிக மாமாவாகச் சித்தி வீட்டு அண்ணன் ஒருவனை நிறுத்தி, சடங்கின் முதல் பாகத்தை அவசரமாக முடித்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினார்கள். மளிகைக் கடைக்காரர் கேட்பார், "மாமா எப்போம்மா வர்றார்?" தையற்காரர் கேட்பார். சர்ச்சுக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டு மதாம் கேட்பார். மாமாவைப் பற்றியா கேட்கிறார்கள்? ஆகஸ்டு வருவதற்குள் நான் நாலு தடவை பழைய மனுஷியாகிவிட்டிருந்தேன். ஆனால் ஊருக்கு நான் இன்னும் புதியவள்!

விழாவன்று வீடியோக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். கண்ணைக் குருடாக்கும் விளக்கு ஒன்றை ஒரு பையன் தூக்கிப் பிடிக்க, அவர் என்னைப் படுத்திய பாடு தனிப் புராணம். கன்னத்தில் கையை வை, கண்ணாடியில் பார்த்துச் சிரி, தலையைக் குனி, இப்போது வெட்கப்படு. "வெட்கப்படும்மா, வெட்கப்படு! வெட்கம் போதவில்லை!" என்று அவர் கத்தியபோது, என் ஆயுளுக்கே வேண்டிய வெட்கம் என்னிடம் இருந்தது, அது அவருடைய காமிராவுக்குத் தெரியவில்லை போலும். பிற்பாடு காஸெட்டில் பார்த்தால், ஒரு தாமரைப் பூ சுழன்று சுழன்று விரிகிறது, அதன் நடுவில் என் முகம். அந்தக் காஸெட்டின் ஒரு பிரதி பாரிஸுக்குப் போயிற்று. மாமா வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் வருஷக் கணக்காக அது போட்டுக் காட்டப்பட்டதாகக் கேள்வி. 2009-ல் நான் முதன் முறையாக அங்கே போனபோது, முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள் என்னைக் கண்டதும், "அடடே, தாமரைப் பூப் பெண்!" என்றாள்.

இதெல்லாம் போகட்டும். எங்கள் கணக்கு வாத்தியாரும் விழாவுக்கு வந்திருந்தார். சாப்பிட்டார். ஐம்பத்தொரு ரூபாய் மொய் எழுதினார். வரிசையில் வந்து என் தலையில் அட்சதை போட்டு, "நன்றாகப் படி" என்று ஆசீர்வதித்தார். அவர் மேல் குற்றம் ஒன்றுமில்லை, மரியாதைக்கு வந்தார். ஆனால் திங்கட்கிழமை அவர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது என் கால்கள் பெஞ்சை விட்டு எழவில்லை. அது வரையில் எனக்குக் கணக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது. பிறகு நான் சரித்திரம் எடுத்துக்கொண்டதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். இதுவும் ஒரு காரணம்.

பெண்ணைப் பள்ளிக்கூடத்திற்குத் திரும்ப அனுப்பினார்களே, அதுவே எவ்வளவு பெரிய காரியம் என்று சரித்திரம் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பருவம் வரும் வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தகப்பனார் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ததனால் தப்பினார். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கிடைத்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார். அப்படிப்பட்ட தகப்பனார் வாய்க்காத பெண்கள் எத்தனை ஆயிரம் பேரோ! பெண்ணின் விவாக வயது குறைந்தது 14 என்று சாரதா சட்டம் சொன்னதே 1929-ல்தான். அமலுக்கு வந்தது 1930 ஏப்ரலில். அதற்கு முன்பும் பின்பும் வெகு காலம் இந்த மஞ்சள் நீருக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: எங்கள் வீட்டில் பெண் தயார், மாப்பிள்ளை வீட்டார் வரலாம்.

அதே புதுக்கோட்டைச் சீமையைக் களமாக வைத்து 'அயலி' என்று ஒரு தொடர் 2023 ஜனவரியில் வெளிவந்தது. முத்துக்குமார் இயக்கியது, எட்டு பாகம். 1990-களில் நடக்கிற கதை. வீரப்பண்ணை என்ற ஊரில் பெண் வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடுவார்கள். தமிழ்ச்செல்வி என்ற சிறுமிக்கு டாக்டராக வேண்டுமென்று ஆசை. ஆகவே தான் வயதுக்கு வந்ததையே ஊருக்கு மறைத்துவிடுகிறாள்! அபி நட்சத்திரா என்ற பெண் அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறாள், தாயாராக அனுமோல். அவள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்யும் தந்திரங்களைப் பார்த்து என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அடிக்கடி தொண்டையை அடைத்தது. நான் நாலு மாதம் ஊர் முழுவதும் தெரிந்துகொண்டு அவஸ்தைப்பட்டேன். அவள் ஒருவருக்கும் தெரியாமல் அவஸ்தைப்படுகிறாள். இரண்டிலும் ஊர்தான் எஜமானன்.

குறும்படம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2019-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்.' என்ற இருபத்தாறு நிமிஷப் படம். நம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கண்டுபிடித்த நாப்கின் இயந்திரம் டில்லிக்கு அருகே ஹாப்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்த கதை. படம் ஆரம்பிக்கும்போது இளம் பெண்களிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்பார்கள். பதில் வராது, சிரிப்புதான் வரும். முகத்தை மூடிக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒரு சிரிப்பு. என் மாணவிகள் தங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்ததும் சிரிப்புத்தான். ஆனால் அவர்கள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். ஒருத்தியும் முகத்தை மூடவில்லை.

இவ்வளவும் ஆன பிறகு, சடங்கே வேண்டாம், இந்தக் கர்நாடகத்தைக் கட்டி மூட்டையில் போட வேண்டும் என்ற தீர்மானத்திற்கு நான் வந்திருந்தேன். அந்தத் தீர்மானத்தை ஆட்டிவைத்தது ஒரு புத்தகம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வடபாகத்தில் ஹூப்பா என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் ஒரு பெண் பருவமெய்தினால் மலர் நடனம் என்று ஒரு சடங்கு உண்டு. வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடி அந்தச் சீமைக்குள் புகுந்த பிறகு, அவர்களுடைய அக்கிரமத்திற்கு அஞ்சி அந்த நடனம் மறைந்துபோயிற்று. 1883-ல் அமெரிக்க சர்க்கார் பூர்வகுடிகளின் சடங்குகளையே குற்றங்களாக்கி விதி போட்டது. வெகு காலத்திற்குப் பின், 2001-ல், ஹூப்பாப் பெண்கள் கிழவிகளிடம் கேட்டும் பழைய குறிப்புகளைத் தேடியும் அந்த நடனத்தை மறுபடி உயிர்ப்பித்தார்கள். கட்சா ரிஸ்லிங் பால்டி என்ற அந்த இனத்துப் பேராசிரியையே இதை எழுதியிருக்கிறார். புத்தகம் 2018-ல் வந்தது. இன்னும் தெற்கே நவஹோ மக்களிடம் 'கினால்டா' என்ற சடங்கு நாலு நாள் நடக்கும். பெண் விடியற்காலையில் எழுந்து கிழக்கு நோக்கி ஓட வேண்டும். மண்ணில் குழி வெட்டி, சோள மாவில் ஒரு பெரிய அப்பம் சுட்டு எல்லோருக்கும் பங்கிட வேண்டும். நம் வீட்டில் பெண்ணை மூலையில் உட்காரவைக்கிறோம். அவர்கள் ஓடச் சொல்கிறார்கள்!

ஒரு ஜனசமூகம் பறிகொடுத்துவிட்டுத் தேடித் தேடி மீட்டுக்கொண்டதை, நம்மிடமிருந்து யாரும் பறிக்காதபோது நாமே தூக்கி எறிய வேண்டுமா? எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரிவதற்கு முன்பே மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் பெண் குளியலறையிலிருந்து, "அம்மா, இங்கே வா" என்று கூப்பிட்டாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பயப்படவில்லை. எல்லாம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எனக்குத்தான் கை நடுங்கியது. அன்று மாலை அவளுடைய பள்ளிக்கூடத்திற்கு லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இருபது வருஷமாக மற்றவர்களுடைய லீவுக் கடிதங்களைப் படித்துப் படித்துப் பழகிய கை, தானாகவே "காய்ச்சல்" என்று எழுதிவிட்டது. கிழித்துப் போட்டேன். இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் வரிசையாகச் சொன்னேனே, அந்த வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் பேனா முனையில் நின்றன. கடைசியில், "என் மகளுக்கு மாதவிலக்கு தொடங்கி வயிற்றுவலி இருப்பதால் இரண்டு நாள் விடுமுறை அளிக்கக் கோருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எம்.ஏ. பரீட்சையில் கூட ஒரு வாக்கியத்திற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

என் தாயாருக்குச் சொன்னதும் அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். கூடவே இரும்புப் பெட்டியிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார்: மொய் நோட்டு. "உனக்குச் செய்ததற்குப் பிறகு இந்த வீட்டில் பெண் விசேஷமே இல்லை. முப்பது வருஷமாக நான் எத்தனை வீட்டில் எழுதியிருக்கிறேன் பார். இதெல்லாம் திரும்ப வர வேண்டாமா?" என்றார். பார்த்தேன். 51, 101, 201, 501 என்று பக்கம் பக்கமாக என் தகப்பனாரின் கையெழுத்து. ஆறு வருஷத்திற்கு முன் அவர் காலமான பிறகு என் தாயாரின் கோணல் எழுத்து. நம் சடங்குகளைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த நோட்டை மறந்துவிடுகிறார்கள். வட்டியில்லாக் கடனாகப் போட்டு வைத்த பணம். ஒரு விசேஷத்தில்தான் வசூலாகும். என் தாயார் கேட்டது பழமைக்காக மட்டுமல்ல. நியாயமான பாக்கியையும் சேர்த்துத்தான் கேட்டார்.

"மண்டபம் பிடிக்க வேண்டாமம்மா, வீட்டோடு வைத்துக்கொள்வோம்" என்றேன். "ஊர் என்ன சொல்லும்?" என்றார். இப்படியே நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் என் பெண் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். என் மாணவிகளின் படத்தை அவளுக்கு நான் காட்டியிருந்தேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காகிதத்தில் அவளுடைய நிபந்தனைகள். பேனர் கூடாது. வீடியோ கூடாது. ஒலிபெருக்கி கூடாது. டியூஷன் சாரைக் கூப்பிடக் கூடாது. பட்டுப் பாவாடை, ஜிமிக்கி இரண்டும் உண்டு. பெங்களூர் மாமா வரலாம், கறுப்புக் கண்ணாடி போடக் கூடாது. கோழி பிரியாணி. கடைசி வரி: "முதல் தண்ணீர் ஆயா ஊற்ற வேண்டும்."

என் தாயார் அதுவரையில் சிரித்துக்கொண்டே கேட்டவர், அந்த வரியில் நின்றுவிட்டார். "நான் எப்படியம்மா ஊற்றுவேன்? சுமங்கலிகள் அல்லவா ஊற்ற வேண்டும்? நான் அடுப்பங்கரையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பதைபதைப்போ துக்கமோ இல்லாமல், கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்வதுபோல் சொன்னார். விழா வேண்டும் வேண்டுமென்று நாலு நாளாகப் போராடினாரே, அந்த விழாவில் தாம் முன்னால் வந்து நிற்க முடியாது என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது!

அப்போது எனக்கு அந்தக் காஸெட் நினைவு வந்தது. என் தகப்பனாரைப் பெற்ற ஆயா, எனக்கு மாதக்கணக்கில் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி ஊட்டியவர். இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவர். இரண்டு மணி நேரக் காஸெட்டில் அவர் முகம் ஓரிடத்திலும் வராது. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆலத்தித் தட்டை நீட்டும் ஒரு கை மட்டும் ஒரு விநாடி வரும். வளையலில்லாத கை. அந்த ஒரு விநாடியை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். வீடியோக்காரர் எனக்குச் செய்ததைக் காட்டிலும் அந்தக் கதவு அவருக்குச் செய்தது பெரிது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. என் வெட்கமே எனக்குப் பெரிதாக இருந்தது.

"ஆயா ஊற்றாவிட்டால் விழா இல்லை. மொய்யும் இல்லை" என்றாள் என் பெண். சிறுசுகளுக்கு எங்கே அடித்தால் விழும் என்று தெரிந்திருக்கிறது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மாடியில் நடந்தது. அறுபது பேர் இருக்கும். என் நாத்தனார் முகம் கொஞ்சம் கோணிற்று. வயதான உறவினர் இருவர் தண்ணீர் ஊற்றும் சமயத்தில் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்கள். பிரியாணிக்கு மேலே வந்துவிட்டார்கள். மொய் நோட்டில் என் கணவர் பொறுமையாக எழுதினார். பெங்களூரிலிருந்து என் தம்பி தென்னங்கீற்றுக்குப் பதில் ஒரு கூடாரத்தைக் கொண்டுவந்து விரித்தான், மலையேறுகிறவர்கள் வைத்துக்கொள்வது. அதற்குள் என் பெண்ணும் அவள் சிநேகிதிகள் நாலு பேரும் புகுந்துகொண்டு சீட்டு விளையாடினார்கள்.

முக்காலி போட்டு அவளை உட்காரவைத்தோம். என் தாயார் படியருகிலேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். மஞ்சள் நீர்ச் செம்பைத் தூக்கினார். கை வெடவெடவென்று ஆடிற்று. தலையில் ஊற்ற வேண்டியது சாய்ந்து நேரே கண்ணில் விழுந்தது.

"ஐயோ ஆயா, கண்ணு! கண்ணு!" என்று என் பெண் கத்தினாள். என் தாயார் பதறிப் போய்த் தம் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்தார். வெளிர் நிறப் புடைவை முன்புறமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அதைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெகுநாளாக நான் கேட்டிராத ஒரு சிரிப்புச் சிரித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டே என் பெண், "இன்னொரு தடவை ஒழுங்காக ஊற்று ஆயா, முதல் தண்ணீர் கணக்கில் வராது" என்றாள்.